முன் வண்டி நகர்ந்த பிறகும் நாம் ஏன் நிற்கிறோம்?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு தடவைகூட மாட்டாதவர் வட சென்னைக்காரராக இருக்க முடியாது. கேட் போட்டதும் முதலில் வரும் நாலைந்து வண்டிகள் ஒழுங்காக இடது பக்கம்தான் நிற்கும். அடுத்து ஒரு பைக் வரும். வலது பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று அது முன்னால் போய் நிற்கும். அதன் பின்னாலேயே இன்னும் நாலு பைக், ஒரு ஷேர் ஆட்டோ, தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை ஒன்று. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து கடந்து முடிப்பதற்குள் சாலையின் முழு அகலமும் இந்தப் பக்கத்து வண்டிகளால் அடைந்துபோயிருக்கும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கேட் தூக்கியதும் இரண்டு கூட்டமும் கபடிக் கோட்டில் நிற்பதுபோல நேருக்கு நேர் நிற்கும். யாருக்கும் போக வழி இருக்காது. எல்லார் கையும் ஹார்னில்.

அப்புறம் ஒருவர் இறங்குவார். பெரும்பாலும் லுங்கியை மடித்துக் கட்டிய ஆள், அந்த இடத்தில் எந்த அதிகாரமும் இல்லாதவர். நடுவில் நின்றுகொண்டு, "ஆட்டோ, நீ ரிவர்ஸ் எடு. பைக்கெல்லாம் ஓரமா போங்க. லாரி, நீ வா, வா, வா... நிறுத்து" என்று கைகாட்ட ஆரம்பிப்பார். ஆச்சரியம், எல்லோரும் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் முடிச்சு அவிழ்ந்துவிடும். அவரும் தன் பைக்கில் ஏறிப் போய்விடுவார்.

டிரைவர் இல்லாத கார் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ரயில்வே கேட்டைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு தனித்தனிச் சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு வண்டி ஆள் இல்லாமல் தானே ஓடுவது ஒன்று. பல வண்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஓடுவது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும், நெரிசல் ஒழிந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி வராது. கேட்டில் நிற்கும் அத்தனை வண்டியையும் கம்ப்யூட்டரே ஓட்டினாலும், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் வண்டியை மட்டும் முன்னே கொண்டுபோகப் பார்த்தால், அதே முடிச்சுதான் விழும். அவிழ்ப்பதற்கு லுங்கி கட்டிய அந்த ஆள் வேண்டும். அவருடைய வேலையை இயந்திரங்கள் எப்படிச் செய்யப் பார்க்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், தானே ஓடுவது

ஒரு கார் தானே ஓட மூன்று காரியம் தெரிய வேண்டும். சுற்றி என்ன இருக்கிறது, அது அடுத்து என்ன செய்யும், அதற்கு நான் என்ன செய்வது.

பார்ப்பதற்குக் கேமரா இருக்கிறது. ரேடார் இருக்கிறது. லைடார் என்று ஒன்று இருக்கிறது. காரின் கூரையில் கொண்டை மாதிரி சுற்றிக்கொண்டிருப்பது பல வண்டிகளில் அதுதான். லேசர் ஒளியைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக எறிந்து, அது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும். ஒளி ஒரு நானோ நொடியில், அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 செ.மீ. போகும். 30 மீட்டர் தள்ளி நிற்கும் பஸ்ஸில் பட்டுத் திரும்ப 200 நானோ நொடி. இப்படி நொடிக்கு லட்சக்கணக்கில் துடிப்புகளை எறிந்து, சுற்றியுள்ளதையெல்லாம் புள்ளி வைத்த கோலம் மாதிரி அந்தக் கார் வரைந்துகொள்கிறது. இருட்டிலும் வரையும்.

பார்ப்பது இந்த அளவுக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று யூகிப்பதில்தான் சிக்கல். டி.எச். ரோட்டில் ஓரமாக ஒருவர் போன் பேசிக்கொண்டு நிற்கிறார். அவர் குறுக்கே இறங்குவாரா, இல்லை பஸ்ஸுக்கு நிற்கிறாரா? நமக்கு அவர் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. சொல்லத் தெரியாததை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

2004-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, மொஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் வைத்தது. பரிசு 10 லட்சம் டாலர். 200 கி.மீ.-க்கு மேல் ஆளில்லாமல் ஓட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகப் போன வண்டியே 12 கி.மீ. தாண்டவில்லை. மறுவருடம் அதே பந்தயத்தில் ஐந்து வண்டிகள் கடைசி வரை வந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' ஜெயித்தது. 2009-ல் கூகுள் இந்த வேலையில் இறங்கியது. அந்தப் பிரிவுதான் இப்போது வேமோ என்ற தனி நிறுவனம். 2020-லிருந்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் பொதுமக்கள் யாரும் ஆப்பில் கூப்பிட்டால் ஸ்டியரிங் முன்னால் ஆளே இல்லாத கார் வந்து நிற்கிறது.

இங்கே லெவல் என்ற பேச்சு அடிபடும். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 0 முதல் 5 வரை பிரித்து வைத்திருக்கிறது. நம்மூர் ஷோரூமில் 'அடாஸ்' என்று சொல்லி விற்பது லெவல் 2 வரைதான்: வண்டி கொஞ்சம் பிரேக் போடும், கொஞ்சம் ஸ்டியரிங் திருப்பும், ஆனால் கண்ணும் பொறுப்பும் உங்களுடையது. குறிப்பிட்ட ஊருக்குள், குறிப்பிட்ட நிலைமைகளில் ஆளே தேவையில்லை என்பது லெவல் 4. ஃபீனிக்ஸ் கார் இந்த ரகம். எங்கே விட்டாலும் ஓடும் என்கிற லெவல் 5 உலகத்தில் எங்கும் இல்லை. எங்கே விட்டாலும் என்பதில் வண்ணாரப்பேட்டையின் ஜவுளிக் கடைத் தெருவான எம்.சி. ரோடும் அடக்கம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே மனிதனே நடந்து போவது கஷ்டம்.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரத்தில் ஊபர் சோதித்துக்கொண்டிருந்த கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது மோதி, அவர் இறந்துபோனார். சோதனைக்காக உள்ளே உட்கார்ந்திருந்தவரின் கவனம் போனில் இருந்தது. அதை விட எனக்கு மறக்க முடியாதது விசாரணை அறிக்கையில் இருக்கும் இன்னொரு விஷயம். மோதுவதற்கு ஐந்து நொடிக்கு மேல் இருக்கும்போதே கார் அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் அது என்ன என்று முடிவு செய்ய முடியவில்லை. வண்டி என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. பெயரை மாற்றும்போதெல்லாம் அதுவரை அவர் எந்தத் திசையில் நகர்ந்தார் என்ற கணக்கை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் ஆள் குறுக்கே வரலாம் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை.

தண்டையார்பேட்டையில் வளர்ந்தவனுக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் எந்தக் கோட்டைப் பார்த்து ரோட்டைக் கடந்தோம்?

ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல்லும் சேர்ந்து 2018-ல் கார்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு படத் தொகுப்பு வெளியிட்டார்கள். ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்கள். அதில் ஆட்டோ ரிக்‌ஷாவுக்குத் தனி வகை உண்டு. தார் ரோடு முடிந்து மண் தொடங்கும் ஓரத்துக்கும் தனி வகை உண்டு, ஏனென்றால் வேறு வழியில்லாவிட்டால் நாம் அதிலும் ஓட்டுவோம். சரியான ஆட்கள்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் காசிமேட்டிலிருந்து விடிகாலையில் ஐஸ் பெட்டியும் கூடையுமாக வரும் மீன்பாடி வண்டியை நினைத்துப் பாருங்கள். மூன்று சக்கரம், முன்னால் பலகை, பின்னால் சைக்கிள் சீட், நடுவில் எங்கோ ஒரு பழைய வண்டியின் எஞ்சின். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. இதை எந்த வகையில் சேர்ப்பது?

நெரிசல் எங்கே முளைக்கிறது

விபத்து நடந்தால் நெரிசல், ரோடு தோண்டினால் நெரிசல், தண்ணீர் தேங்கினால் நெரிசல். அதெல்லாம் தெரிந்ததே. எதுவுமே நடக்காமல் வரும் நெரிசல் ஒன்று இருக்கிறது. அரை மணி ஊர்ந்து போய், கடைசியில் என்னதான் ஆச்சு என்று பார்த்தால் ரோடு காலியாக இருக்கும். எதற்காக நின்றோம் என்றே தெரியாது.

2008-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக் காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்கள். சிக்னல் இல்லை, திருப்பம் இல்லை, குறுக்கே யாரும் இல்லை. எல்லோரும் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சுற்றுங்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நன்றாகச் சுற்றினார்கள். யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைத்தார். அவர் பின்னால் இருந்தவர் அதைவிட அதிகமாக. ஐந்தாறு கார் தாண்டுவதற்குள் ஒரு கார் முழுதாக நின்றுவிட்டது. அந்த நிற்றல் அங்கேயே இருக்கவில்லை. கார்கள் முன்னால் போக, அது அலை மாதிரி பின்னால், கிட்டத்தட்ட 20 கி.மீ. வேகத்தில் வட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருந்தது.

இந்த அலையைக் காதால் கேட்க வேண்டுமானால் நம் கேட்டுக்கே வரலாம். நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டி கிளம்பும்போது எஞ்சின் இழுத்ததும் எல்லாப் பெட்டியும் ஒன்றாக நகராது. கொக்கிகளில் இருக்கும் தொளதொளப்பு ஒவ்வொன்றாக இறுகும். டடக், டடக், டடக் என்று சத்தம் முன்னாலிருந்து கடைசிப் பெட்டி வரை ஓடும். சாலையிலும் இப்படித்தான், ஆனால் நமக்கு இடையில் கொக்கிக்குப் பதில் கண் இருக்கிறது. முன் வண்டி நகர்ந்ததைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் கிளட்சை விடுவதற்கு ஒரு நொடி போகிறது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்று நொடி. பச்சை விழுந்த பிறகு ஆளுக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் இருபதாவது வண்டி நகர 20 நொடி ஆகும். அதற்குள் மஞ்சள் வந்துவிட்டால் அடுத்த சிக்னல் வரை டீசல் எரிக்க வேண்டியதுதான்.

இதே ஒரு நொடி ஓடும் வண்டிகளுக்கு நடுவிலும் இடத்தைத் தின்கிறது. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். முன் வண்டியோடு ஒன்றரை நொடி இடைவெளி விட்டால் அது 15 மீட்டர். காரின் நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். ஆகவே ஒரு கார் சாலையில் பிடிக்கும் இடம் 20 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 36,000 மீட்டர் கடந்துபோகும்; 20-ஆல் வகுத்தால் ஒரு லேனில் 1,800 கார். உடனே பிரேக் பிடிக்கும் இயந்திரம் அரை நொடி இடைவெளி போதும் என்று சொன்னால் 5-ம் 5-ம் 10 மீட்டர். 3,600 கார். ரோட்டை ஓர் அடிகூட அகலப்படுத்தாமல் இரண்டு மடங்கு. டிரைவர் இல்லாத கார் வந்தால் நெரிசல் தீரும் என்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு இதுதான். கணக்கில் தப்பில்லை. ஆனால் லேன் என்று ஒன்று இருந்து, அதில் ஒரே நீளமுள்ள கார்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் வரும் கணக்கு இது.

ஜப்பான் வட்டத்தை அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசானில் இன்னொரு விதமாகச் செய்து பார்த்தார்கள். இருபது சொச்சம் கார்கள். அதில் ஒன்றை மட்டும் கம்ப்யூட்டர் ஓட்டியது. 2018-ல் முடிவு வெளிவந்தது. அந்த ஒரு கார் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். முன்னால் போகிறவர் விர்ரென்று போனால் துரத்தாது. தன் சராசரி வேகத்திலேயே போகும். அவர் பிரேக் அடித்து நிற்கும் இடத்துக்கு இது போய்ச் சேர்வதற்குள் அவர் மறுபடி கிளம்பியிருப்பார். பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் அலையே வரவில்லை. எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. 2022-ல் நாஷ்வில் நகரத்தின் நிஜ நெடுஞ்சாலையில் 100 கார்களை வைத்து இதையே சோதித்தார்கள்.

சரி, இதை நாமே செய்யலாமே என்று தோன்றும். நான் செய்து பார்த்தேன். ஒரு வாரம், தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை பைக்கில் முன் வண்டியைத் துரத்தாமல், இடைவெளி விட்டு, சீராகப் போனேன். முதல் நாளே பாடம் கிடைத்தது. நான் விட்ட இடைவெளி எனக்கு இல்லை. அதில் ஒரு ஆட்டோ நுழைந்தது. அதற்குப் பின்னால் நான் விட்ட இடைவெளியில் இரண்டு பைக். கல்மண்டபம் தாண்டுவதற்குள் நான் பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. வெளிநாட்டு வட்டத்தில் யாரும் யார் முன்னாலும் நுழையக் கூடாது என்பது எழுதாத விதி. நம் சாலையில் இடம் என்பதே நுழைவதற்குத்தான்.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. லேன் இல்லாமல், பஸ்ஸும் பைக்கும் மாட்டு வண்டியும் கலந்து ஓடும்போது, இருக்கிற தார் எல்லாம் பயன்படுகிறது. நாங்கள் கண்ணாலும் ஹார்னாலும் பேசிக்கொண்டேதான் ஓட்டுகிறோம். ஒரு சின்ன 'பீப்' என்றால் நான் இங்கே இருக்கிறேன். நீளமாக அடித்தால் என் பிரேக்கை நம்பாதே. ஆட்டோக்காரர் காலை வெளியே நீட்டினால் வண்டி திரும்பப்போகிறது. எந்த ஓட்டுநர் பள்ளியிலும் இது கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

வண்டிகள் பேசிக்கொண்டால்

ஹார்னுக்குப் பதில் ரேடியோ அலை. அவ்வளவுதான் இதன் சாரம். "நான் பிரேக் போடுகிறேன்" என்பதை முன் வண்டி சொன்னால், பின் வண்டிகள் பத்தும் விளக்கு எரிவதைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கும். கொக்கித் தொளதொளப்பு போய்விடும். 1997-லேயே கலிஃபோர்னியாவில் சான் டியேகோ அருகே எட்டு ப்யூக் கார்களை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், நடுவில் ஆறரை மீட்டர் மட்டும் விட்டு, ஸ்டியரிங்கில் கை வைக்காமல் ஓட்டிக் காட்டினார்கள். சாலைக்குள் காந்தங்கள் பதித்து, அதைப் பிடித்துக்கொண்டு கார்கள் நேராகப் போயின.

நாற்சந்தியில் என்ன செய்வது? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் டிரெஸ்னர், பீட்டர் ஸ்டோன் இருவரும் 2004-ல் ஒரு யோசனை சொன்னார்கள். சிக்னல் என்பது கல்யாணப் பந்தி மாதிரி. ஒரு பந்தி முழுதும் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்திருக்கும் வரை அடுத்தவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். நடுவில் நாலு இலை காலியாக இருந்தாலும் உட்கார முடியாது. அதற்குப் பதில் மெஸ் மாதிரி நடத்தினால்? ஒரு நாற்காலி காலியானதும் ஒருவர் உட்காரலாம். அதாவது, சந்திப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துவிடுவது. வரும் ஒவ்வொரு காரும் தூரத்திலிருந்தே, "நான் இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை நொடிக்கு இந்தக் கட்டங்கள் வழியாகப் போக வேண்டும்" என்று கேட்கும். சந்திப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் வேறு யாருக்கும் அந்தக் கட்டம் அந்த நொடியில் கொடுக்கப்படவில்லை என்றால் சரி என்று சொல்லும். இல்லையென்றால் கார் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வேறு நேரம் கேட்கும். கணினித் திரையில் இதைப் பார்த்தால் பயமாக இருக்கும்: நாலு பக்கமும் வண்டிகள் நிற்காமல், ஒன்றை ஒன்று நூலிழையில் தாண்டிப் போகும்.

கேட்டில் இறங்கிய லுங்கி அண்ணன் செய்தது இதையேதான். கட்டம் ஒதுக்கினார்.

ஆனால் அந்தத் திரையில் மனிதர்கள் கிடையாது. மணிக்கூண்டு பக்கம் பள்ளி விட்டதும் ரோட்டைக் கடக்கும் பிள்ளைகள் யாரிடம் நொடி கேட்பார்கள்? மீன்பாடி வண்டியில் எந்த ரேடியோ இருக்கும்? பத்து வண்டியில் ஒன்று பேசாவிட்டாலும் மற்ற ஒன்பதும் அதற்காகப் பழையபடி இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் நடக்கிற ஆள் இருக்கும் ஊரில் சிக்னல் ஒழியாது என்பது என் கணிப்பு. ஒழியவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது அமெரிக்காவில் ஓடும் வேமோ கார்கள் மற்றவர்களின் வண்டிகளோடு பேசி ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் கண்ணை நம்பித்தான் ஓடுகிறது. குழம்பிப்போனால் தூரத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் யோசனை கேட்கும். 2024 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கூத்து நடந்தது. இரவில் கார்கள் வந்து ஒதுங்கும் பார்க்கிங் இடத்தில், ஒன்று ரிவர்ஸ் எடுத்து நெருங்கும்போது, இடித்துவிடுமோ என்று பக்கத்தில் இருந்த இன்னொன்று ஹார்ன் அடித்தது. அது நகர, வேறொன்று அடித்தது. விடிகாலை நாலு மணிக்கு ஆளே இல்லாத கார்கள் ஒன்றையொன்று பார்த்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்ததில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டது. நிறுவனம் பிறகு மென்பொருளைச் சரிசெய்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது அந்தக் கார்கள்மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

முதலில் எங்கே வரும்

கார் என்று பேசிக்கொண்டிருந்தாலும் வட சென்னையில் சாலையை ஆள்வது கார் இல்லை, கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காமல் நாங்கள் வளரவில்லை. வண்டிக்கடியில் நிழலில் படுத்துத் தூங்கும் கிளீனர், டயர் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சமைக்கும் டிரைவர் எல்லாம் அந்த வரிசையில் உண்டு.

தானே ஓடுவதும் ஒத்து ஓடுவதும் முதலில் பலித்த இடம் துறைமுகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. ரோட்டர்டாமில் 1993-லேயே ஆளில்லா வண்டிகள் கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னரைச் சுமந்து அடுக்கும் இடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டன. பெரிய மூளையெல்லாம் கிடையாது. சுற்றிலும் வேலி, உள்ளே நடமாடும் ஆள் இல்லை, எல்லா வண்டிக்கும் ஒரே தலைமைக் கம்ப்யூட்டர் நேரமும் வழியும் சொல்லும். குறுக்கே யாரும் வர மாட்டார்கள் என்ற உத்தரவாதம் இருந்தால் மிச்சம் எளிது. நம்மூர் மெட்ரோவும் அப்படித்தான். மாதவரத்திலிருந்து கிளம்பும் தடங்கள் உட்பட இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு ஓட்டுநர் இல்லா ரயில்களைத்தான் வாங்கியிருக்கிறார்கள். தண்டவாளம் அதற்கே சொந்தம். அதில் யாரும் ஆட்டோ விட முடியாது.

திறந்த சாலையில் லாரிகளைக் கோத்து ஓட்டும் முயற்சி 2016-ல் நடந்தது. ஐரோப்பாவின் ஆறு லாரிக் கம்பெனிகள் தங்கள் வண்டிகளை ரேடியோவால் இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி ஓட்டி, பல நாடுகளிலிருந்து ரோட்டர்டாம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தன. முதல் லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருவதற்கு டீசல் மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் 2019-ல் அதில் ஒன்றான டைம்லர், இதை விட்டுவிடுகிறோம் என்றது. வழியில் வேறு வண்டி குறுக்கே வந்து கோத்த வரிசை அறுந்தால், மறுபடி சேர்வதற்குப் பின் லாரி வேகமெடுக்க வேண்டும். மிச்சம் பிடித்த டீசல் அதிலேயே போய்விடுகிறது. கல்மண்டபத்தில் எனக்கு நடந்தது ஐரோப்பாவில் லாரிக்கு நடந்திருக்கிறது.

வேலை போய்விடும் என்ற கவலை நியாயமானது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லிருந்தே, டிரைவர்களின் பிழைப்பைப் பறிக்கும் என்பதால் டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லிவருகிறார்.

நெரிசல் விஷயத்தில் என் சந்தேகம் வேறு. ஓட்டுவது சுலபமானால் அதிகமாக ஓட்டுவோம். கலிஃபோர்னியாவில் 2018-ல் வெளியான ஒரு சோதனையில், தானே ஓடும் கார் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, 13 பேருக்கு ஒரு வாரம் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக் கொடுத்தார்கள். அந்த வாரம் அவர்கள் வண்டிகள் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடிவிட்டது. வீட்டு ஆள் யாரும் ஏறாமல், சாமான் வாங்கிவர மட்டும் டிரைவரோடு கார் போய்வந்தது. 13 பேர் என்பது சின்னக் கணக்குதான், இருந்தாலும் நம் வீட்டில் யாராவது டிரைவர் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இடைவெளியைக் குறைத்து மிச்சம் பிடித்த ரோட்டை இப்படிக் காலி கார்களால் நிரப்பிவிட்டால் என்ன லாபம்? ஒரு பஸ் மூன்று கார் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று வைத்தாலும் அதில் அறுபது பேர் போகிறார்கள்.

எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டுகிறார். ரோட்டர்டாம் கதையை ஒரு நாள் சாயந்திரம் டீக்கடையில் அவரிடம் சொன்னேன். ஆளில்லா வண்டி என்றதும் சிரித்தார். குறுக்கே யாரும் வராத இடத்தில் ஓட்டுவதும் ஒரு ஓட்டமா என்றார். ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை மணிக்கு எந்த கிரேனுக்கு அடியில் நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும், அதனால் வரிசை நிற்பதே கிடையாது என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த டைமை எனக்கே சொல்லிட்டா, நானே கரெக்டா அந்த டைமுக்குப் போயிடுவேனே தம்பி. அதுக்கு எதுக்கு என்னை இறக்கணும்?"